மாமா நின்ற லேயர்

உங்கள் சொந்தத் தாய்மாமனை நீங்கள் எப்போதாவது ஒரே கிளிக்கில் காணாமல் ஆக்கியிருக்கிறீர்களா?

நான் ஆக்கியிருக்கிறேன். அதுவும் அக்கா கல்யாணத்தன்று, மண்டப வாசலில், ஊரே பார்க்கிற மாதிரி. இப்போதும் எங்காவது பிளெக்ஸ் பேனர் காற்றில் படபடத்தால் நான் எதிர்ப்பக்கம் ஓடிவிடுவேன். (தென்காசியில் பேனர் இல்லாத தெரு உண்டா? ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.)

அப்போதுதான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்திருந்தேன். கூடவே போட்டோ எடிட்டிங்கில் ஒரு குட்டி கோர்ஸ். தோழிகள் முகத்தில் பருக்களை அழித்துக் கொடுத்ததில் தலைகால் புரியவில்லை. வரவேற்பு பிளெக்ஸை நானேதான் டிசைன் பண்ணுவேன் என்று அடம்பிடித்தேன். அப்பா தலையாட்டிவிட்டார். அம்மா மட்டும் விரலை நீட்டினாள்.

"ஏட்டி, என்னமும் பண்ணு. எந்தம்பி படம் மட்டும் சரியா வரணும். பொறவு அவன் மூஞ்சியத் தூக்கிட்டான்னா ஒன்ன நான் சும்மா விடமாட்டேன்."

வேலாயுதம் மாமா அம்மாவின் ஒரே தம்பி. சவுதியில், தம்மாமில் வேலை. மானஸ்தர். (தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொள்பவரை எங்கள் வீட்டில் இப்படி மரியாதையாகச் சொல்வோம்.) என் சடங்குப் பத்திரிகையில் அவர் பெயரைச் சித்தப்பா பெயருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். பந்தியில் உட்காராமல் போனவர், அப்புறம் அம்மாவோடு வருஷக்கணக்கில் பேசவில்லை. இப்போதுதான் ராசியாகியிருந்தார்கள். மணப்பெண்ணுக்கு மாலை போட்டு மேடைக்கு அழைத்துப்போக வேண்டியவர் தாய்மாமன். அவருக்கோ லீவு கிடைக்கவில்லை. பிளெக்ஸிலாவது அவர் நிற்க வேண்டும். இல்லையென்றால் அம்மாவும் மாமாவும் இந்த ஜென்மத்துக்குப் பேசப்போவதில்லை.

வளைகுடாவில் இருப்பவரைக் குடும்பப் படத்தில் சேர்க்க எங்கள் பக்கம் ஒரு வழி உண்டு. அவருக்கு இடம் விட்டு நிற்பதுதான் அது. நிச்சயதார்த்தம் முடிந்து எல்லோரும் குற்றாலம் போனபோது அருவிப் பக்கம் நிற்கவைத்து நானே படம் எடுத்தேன்.

"இங்கன ஒரு ஆளுக்கு எடம் விடுங்க. யம்மா, மாமா தோளுல கை போட்ட மாதிரி கையத் தூக்கு."

அம்மா காற்றின் தோளில் கை போட்டாள். அந்த இடைவெளிக்கு நேர் பின்னால், படியில் ஒருவர் எண்ணெய் மசாஜுக்கு நின்றிருந்தார். இடுப்பில் துண்டு. உடம்பெல்லாம் பளபளப்பு. அவர் உச்சந்தலையில், பின்னால் மறைந்து நின்ற மசாஜ்காரரின் இரண்டு கைகள்.

"பின்னால ஒருத்தன் எண்ணெய் வடிய நிக்கானேட்டி" என்றார் அப்பா.

"அதான் மாமா வந்து மறைச்சிருவாவள்லா!" என்றேன், பெரிய இவள் மாதிரி.

மாமா வாட்ஸ்அப்பில் தன் படத்தை அனுப்பினார். ஆளை மட்டும் வெட்டியெடுத்து முதலில் ஜேபிஜியாகச் சேமித்தேன். ஜேபிஜிக்குப் பின்னணி இல்லாமல் இருக்கத் தெரியாது; ஃப்ரிட்ஜுக்குள் வைத்த மாதிரி வெள்ளைப் பெட்டிக்குள் நின்றார். பிறகு பிஎன்ஜியாகச் சேமித்தேன். பெட்டி போய் ஆள் மட்டும் வந்தார். அவரைக் குடும்பப் படத்தின் மேல் தனி லேயராக வைத்தேன். லேயர் என்றால் படத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாள் வைத்து அதில் இன்னொரு படம் ஒட்டுகிற மாதிரி. ஒவ்வொரு தாளுக்குப் பக்கத்திலும் குட்டியாக ஒரு கண் இருக்கும். அதை அமுக்கினால் தாள் மறையும், மறுபடி அமுக்கினால் வரும்.

அம்மாவின் விரல்களைச் சரிசெய்ய கண்ணை அமுக்கி மாமாவைக் கொஞ்ச நேரம் மறைத்தேன். அந்த நேரம் பார்த்து அம்மா கத்தினாள்: "ஏட்டி, டெய்லர் கடையப் பூட்டிருவான், ஓடு!" கூடவே பிளெக்ஸ் கடை பாதுஷா அண்ணனின் போன்: "தங்கச்சி, ஃபைல் வருமா, நான் வேற வேலயப் பாக்கவா?"

அவசரமாக ஜேபிஜியாகச் சேமித்து அனுப்பினேன். ஜேபிஜி தாள்களையெல்லாம் ஒட்டி ஒரே படமாக்கிவிடும்; மறைந்திருந்த தாள் அதில் சேராது. தாள்களைத் தனித்தனியாகக் காப்பாற்றி வைப்பது பிஎஸ்டி. மூடும்போது அதைச் சேமிக்கவா என்று சாஃப்ட்வேர் கேட்டது. வேண்டாம் என்று அமுக்கினேன். (கேள்வி கேட்கிறவர்களை எனக்குப் பொதுவாகவே பிடிக்காது.)

போனில் அந்தப் படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போடாமல் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கான். கொஞ்சம் கறுத்துட்டான், பாவம். சவுதி வெயிலு."

கல்யாணத்தன்று காலையில் மண்டப வாசலில் பிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தேன். மாமாவைக் காணோம். அம்மா சிரித்த முகமாக எண்ணெய்க்காரர் தோளில் கை போட்டிருந்தாள். அவர் கண்ணை மூடி சொர்க்கத்தில் இருந்தார். தலையில் மசாஜ்காரரின் இரண்டு கைகள், கிரீடம் மாதிரி. கீழே கொட்டை எழுத்தில்: "தாய்மாமன் வேலாயுதம், தம்மாம்."

அம்மா உள்ளே அலங்கார வேலையில் இருந்தாள். சொன்னால் மயங்கிவிடுவாள். அப்பாவிடம் மட்டும் சொல்லலாம் என்று திரும்பினால் அவரே போனும் கையுமாக ஓடிவந்தார்.

"ஏட்டி! ஒங்க மாமா வருதான்! லீவு கெடச்சிட்டாம். திருவனந்தபுரத்துல எறங்கி, இப்பம் புளியறை செக்போஸ்ட்டத் தாண்டிட்டானாம்!"

நான் விரலை மேலே காட்டினேன். அப்பா பார்த்தார். துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"கழட்டிருவோமா யப்பா?"

"கழட்டுனா, 'எம்படத்தத்தான் கழட்டிட்டியளோ'ம்பான். ஒங்கம்மதான் தெனமும் போன்ல ஒம்படம் பெருசா வருது, பெருசா வருதுன்னு சொல்லிருக்காளே."

பாதுஷா அண்ணனுக்குப் போன் போட்டேன். முழு பிளெக்ஸை மறுபடி அடிக்க நேரமில்லை. பிஎன்ஜி மாமாவை மட்டும் ஆள் உயரத்துக்கு அடித்து மேலே ஒட்டுவது என்று முடிவானது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் பிக்சல் கொஞ்சம்தான். அதை அந்த உயரத்துக்கு இழுத்தால் என்ன ஆகும்? கடைக்குப் போய்ப் பார்த்தேன். மாமா முகம் செங்கல் சுவர் மாதிரி கட்டம் கட்டமாக வந்திருந்தது.

"அண்ணே, இது மாமாவா?"

"தூரத்துலருந்து பாத்தா மாமாதான். கிட்டப் போவாம பாத்துக்கோ."

கத்தரியால் வெட்டி, ஏணி போட்டு, டேப் ஒட்டினோம். ஆனி மாதச் சாரல். பிளெக்ஸ் நனைந்திருந்தது. டேப் பிடிக்கிற மாதிரி பிடித்தது. அவசரத்தில் மாமாவின் ஒரு காது மடங்கிப்போயிற்று.

கார் வந்து நின்றது. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். மாமா இறங்கி நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. ஒட்டிய மாமா தலையிலிருந்து மெதுவாக உரிந்து, இடுப்பில் மடங்கி, தொப்பென்று நிஜ மாமாவின் காலடியிலேயே விழுந்தார். மேலே எண்ணெய்க்காரர் பளபளவென்று நின்றார்.

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அம்மா வாசலுக்கு ஓடிவந்து, தம்பியையும் பிளெக்ஸையும் மாறி மாறிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமாவின் கை கார்க் கதவில் இருந்தது. திரும்ப ஏறிப் போய்விடுவாரோ?

"எக்கா. நீ யாரு தோளுலக்கா கையப் போட்டிருக்க?"

"ஏலே, ஒன் தோளுலதாம்லே போட்டேன்!" அம்மா அழுதுவிட்டாள். "நீ இல்லல்லா! வெறுங்காத்துல கைய வச்சிக்கிட்டு நிக்கேன், இந்த மூதி படம் எடுத்து முடிக்க வரைக்கும். கை மரத்துப்போச்சுலே. காத்துக்குப் பின்னால எவன் நின்னாம்னு நான் கண்டனா?"

மாமா இன்னொரு தரம் மேலே பார்த்தார். எண்ணெய்க்காரரை அல்ல, அம்மாவின் கையை. அப்புறம் கார்க் கதவைச் சாத்தினார்.

"மாலை எங்கக்கா இருக்கு?"

அக்காவை அவர்தான் மேடைக்கு அழைத்துப்போனார். முதல் பந்தியில் உட்கார்ந்து ரெண்டு தடவை பாயாசம் கேட்டார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

இப்போது வீட்டில் யார் போனைத் தூக்கி படம் எடுக்க நின்றாலும் அப்பா, "பின்னால எவனாவது எண்ணெய் தேய்க்கானான்னு பாத்துக்கோங்கடே" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மாமா நேற்றுகூட அம்மாவோடு ஒரு மணி நேரம் பேசினார்.

என் நம்பரை இன்னும் பிளாக்கில்தான் வைத்திருக்கிறார்.