ஒதுங்குமிடத்தில் நின்ற மலை ரசிகர்

மலேசியாவின் கேமரன் மலை உயிரினங்களை வகை பிரித்து எழுதியவர்கள், விடுமுறை நாட்களில் மட்டும் கூட்டமாக மேலேறி வரும் ஓர் இனத்தை ஏனோ விட்டுவிட்டார்கள். அதற்கு நான் மலை ரசிகர் என்று பெயர் வைத்திருக்கிறேன். சுற்றுலாப் பயணி என்று அவரைச் சொல்லிவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். சுற்றுலாப் பயணி ஸ்ட்ராபெரி வாங்க வருபவர். இவரோ இயற்கையையும் பண்பாட்டையும் தேடி வருபவர். ஸ்ட்ராபெரியும் வாங்குவார், அது வேறு விஷயம்.

அடையாளம் காண்பது எளிது. பிரிஞ்சாங் டவுனில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது கண்ணாடியை இறக்கி, "இப்படிக் கூட்டங்கூட்டமா வந்தே மலையைக் கெடுத்துட்டாங்க" என்று நொந்துகொள்பவர் அவர்தான். பனி நாட்டுக்கென்று வாங்கிய கம்பளிச் சட்டையோடு இறங்கி, காலை வெயிலுக்கே வியர்த்து, அதைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, காற்றைச் சத்தம் கேட்க உள்ளே இழுத்து, "இங்கேயே ஒரு வீடு வாங்கிடணும்" என்று மனைவியிடம் சொல்லி, சொன்ன கையோடு கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கவில்லை என்று எரிந்து விழுந்து, சுற்றிலும் தேயிலையாகக் கிடக்கும் சரிவைப் பார்த்தபடி கடைக்காரரிடம் காப்பி கேட்பவரும் அவரே. தேநீர்? அது உடம்புக்குச் சூடாம்.

சென்ற பள்ளி விடுமுறையில் வந்த யோகேந்திரனை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் நல்ல உத்தியோகம். நல்ல மனிதர் என்றும் கேள்வி.

எங்கள் தோட்டச் சாலை ஒரு வண்டி அகலம்தான். எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிக்கொள்ள அங்கங்கே ஓரத்தை வெட்டி அகலமாக்கியிருக்கிறது. கொழுந்து லோரி ஏறி வந்தால் மற்றவர்கள் அதில் ஒதுங்கி வழிவிடுவார்கள். அங்கே யாரும் வண்டியை நிறுத்திவிட்டுப் போவதில்லை. மலை ரசிகருக்கோ அது, அவர் படம் எடுப்பதற்காகவே தோட்டம் கட்டிக்கொடுத்த மேடை. யோகேந்திரன் தம் சிவப்புக் காரை அதில் நிறுத்திப் பூட்டிவிட்டுச் சரிவில் இறங்கினார். இறங்கி, மிசினால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத்துத் தொழிலாளர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். படத்தில் பண்பாடு வர வேண்டுமல்லவா?

அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து லோரி ஏறியது. மேலிருந்து எங்கள் தோட்டத்து ரூபனின் வேன் இறங்கியது. ஒதுங்குமிடத்தில் கார். லோரியும் வேனும் மூக்கோடு மூக்கு நின்றன. வேனில் மணியம்மா. பல வருடம் தேயிலை வெட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை. பல மாதம் காத்திருந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் மறுநாளைக்குக் கிடைத்த ஆபரேஷனுக்காக, தானா ராத்தா டவுனில் அன்றைய கடைசி ஈப்போ பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பியிருந்தார்.

ரூபன் ஹாரனை அழுத்தி அலுத்து, இறங்கிக் கத்தினான்.

"அண்ணே! காரை எடுங்கண்ணே, லோரி ஏற முடியல!"

"ரெண்டே நிமிஷம் தம்பி! வெளிச்சம் இப்பத்தான் அழகா விழுது."

"வெளிச்சம் நாளைக்கும் விழும்லா. பஸ்ஸு நிக்காது!"

ஒருவழியாக யோகேந்திரன் மேலேறி வந்தார். வேனை விட்டு இறங்கித் தவித்து நின்ற மணியம்மா அவர் கண்ணில் பட்டார். அவ்வளவுதான். கையிலிருந்த கார்ச்சாவி பைக்குள் போனது. கேமரா மேலே வந்தது.

"அம்மா, நீங்க கொழுந்து எடுத்தவங்கதானே? கூடை இருக்கா?"

"கூடையா? கொழுந்து வெட்டுற கத்திரி வந்தப்பவே அது போச்சு. இப்ப மிசினு. காரை எடுங்கய்யா!"

"அப்படியே நில்லுங்க. மலையைப் பாருங்க."

"மலை எங்கய்யா தெரியுது? எல்லாம் பொகையா இருக்கு. அதுக்குத்தானே ஆஸ்பத்திரிக்குப் போறேன்!"

"கோபம்கூட எவ்வளவு இயல்பா வருது பாரு" என்றார் மனைவியிடம்.

"மொதல்ல காரை எடுங்க, மானம் போவுது" என்றார் மனைவி.

கார் நகர்ந்தது. அதற்குள் நேரமாகிவிட்டது. "நீங்களும் ஈப்போ பக்கமாத்தானே எறங்குறீங்க? என் வேன் அவ்வளவு தூரம் தாங்காது, அக்காவை ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே" என்று ரூபன் கெஞ்சிப் பார்த்தான். பின் இருக்கை முழுக்கக் கள்ளிச்செடித் தொட்டிகள். இடம் மாற்றினால் வேர் ஆடிவிடுமாம்.

பஸ் போய்விட்டது. மணியம்மாவுக்கு அடுத்த தேதி தீபாவளிக்கு அப்புறம்.

படமோ அன்றே உலகத்தைச் சுற்றத் தொடங்கியது. கீழே யோகேந்திரன் எழுதியிருந்த வாசகம்: 'அவசரம் என்றால் என்னவென்றே அறியாத மலை மக்கள்.' ஆயிரக்கணக்கானோர் உருகினார்கள். மணியம்மாவின் மகள் மோகனா அதை அவர் மூக்கருகே நீட்டினாள்.

"ஒன்னும் தெரியலையே. நானா இது? பின்னால செவப்பா என்னா?"

"அவரு காரும்மா."

"அது மட்டும் நல்லாத் தெரியுது."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் கைப்பேசியில் போன மலைப் பயணத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். பச்சைச் சரிவு, முன்னால் நீங்கள். காரை நிறுத்த அவ்வளவு வசதியாக ஓர் இடம் கிடைத்ததே, அது எதற்காக வெட்டிய இடம் என்று யாரையாவது கேட்டீர்களா? படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரத்தில் ஒரு வேன் நிற்கக்கூடும்.