பதினாறாம் நாள் போன பிஸ்கட் டின்

புக்கிட் பாரு அண்ணன் சேதுராமன் அவர்களுக்கு, காஜா பெராங்கிலிருந்து தங்கை பூங்காவனம் கும்பிட்டு எழுதுவது. இங்கு நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் உங்கள் நலத்தையும் அண்ணி நலத்தையும் மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் கொடுத்தனுப்பிய இரண்டாவது சிலேட்டும் வந்தது. முதல் சிலேட்டின் மேல் குழம்புச் சட்டி இறக்கி வைக்கிறேன், நல்ல உபயோகம். என் மகள் சிவகாமிக்குப் பத்தொன்பது வயசாகியும் ஒரு சொல் வரவில்லை, புத்தியும் மெதுவாகத்தான் என்பது நீங்கள் அறியாததா? "நாட்டுக்கே மெர்டேக்கா, சுதந்திரம் வந்துருச்சு, இவளுக்குப் பேச்சு வராதா?"ன்னு கேட்டு, அவ அப்பாவோட கருமாதி முடிஞ்ச மறுவாரமே பிரம்போட வந்து உக்காந்து, "அம்மான்னு சொல்லு, அம்மான்னு சொல்லு"ன்னு மூணு நாள் கத்தினீங்க. அவ சொல்லல. பக்கத்து வீட்டுத் தம்பிராஜாவோட மைனா சொல்லிருச்சு. இப்ப அது பொழுதுக்கும் அம்மா அம்மாங்குது. பத்தொன்பது வருஷம் நான் காத்திருந்த சொல்லு, ஒரு குருவி வாயால கேட்கிறேன்.

அண்ணி அனுப்பிய படச் சீட்டுகளையும் காட்டினேன். பசிக்கு ரொட்டியும் முட்டையும். எங்க வீட்ல அதை யாரு தின்னா? குளியலுக்கு, தொட்டியில் படுத்திருக்கிற வெள்ளைக்காரி. சிவகாமி நன்றாகப் பார்த்தாள், போய் எங்கள் சிமெண்டுத் தொட்டிக்குள் பாவாடையோடு படுத்துவிட்டாள். வீட்டுத் தண்ணீர் முழுவதும் போச்சு. படித்ததைத்தானே செய்தாள்?

அண்ணே, அவளுக்கு ஒரு பாஷை இருந்தது. அவள் அப்பா ஆறு வருஷம் பொறுமையாகப் பழக்கியது. அவள் சிரட்டையை எடுத்து என் கையில் கொடுத்தால் பசி. சோப்புப் பெட்டி கொடுத்தால் குளிக்கணும். சைக்கிள் மணி கொடுத்தால் வெளியே போகணும். தைலப் போத்தல் கொடுத்தால் வயிற்றுவலி. எல்லாம் அந்த பிஸ்கட் டின்னில் இருந்தது. பதினாறாம் நாள், "செத்தவர் சாமான் வீட்ல இருக்கக் கூடாதும்மா"ன்னு வேட்டி சட்டையோட அதையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்தீங்க. அவர் சாமானா அது? என் மகளோட நாக்கு. போன வாரம் இரண்டு நாள் சுவரில் தலையை முட்டினாள். "திமிரு, ரெண்டு வை"ன்னு சொல்லிட்டுப் போனீங்க. வைத்தேன். மூன்றாம் நாள்தான் வயிற்றுவலி என்று கண்டுபிடித்தேன். புதுப் போத்தல் வாங்கிக் கொடுத்தால் முகர்ந்து பார்த்து வீசுகிறாள்.

டின் யாரிடம் போனது என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் இனி என் வாசலை மிதிக்க வேண்டாம். அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகள் வாய் நிறையப் பேசி, வயிறு நிறையச் சாப்பிட்டு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பூங்காவனம்

பின்குறிப்பு: போன வாரம் வந்தபோது நீங்கள் மறந்துவிட்டுப் போன உங்கள் மூக்குப்பொடி டப்பாவைத் தினமும் காலையில் என் கையில் வைத்து வாசலைப் பார்க்கிறாள். ஒளித்து வைத்தேன், தேடி எடுத்துவந்து மறுபடி வைக்கிறாள். அவள் அப்பா பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், மாமா வரணும். டின்னைக் கொடுத்தது நீங்கள்தான் என்று அவளுக்குச் சொல்லலாமென்றால், அதற்கு எந்தச் சாமானைக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துட்டுப் போங்க. பிரம்பு வேண்டாம்.