பார்க்காதே, பேசாதே, தொடாதே

டமால்!

செருப்பு ஸ்டாண்டு குப்புற விழுந்தது. அதன் மேலிருந்த குடை, டார்ச், கரண்ட் பில் மூன்றும் மூன்று திசையில் பறந்தன. நடுவில், ஏழு மாதப் பழுப்பு நிற நாய்க்குட்டி ஒன்று ஒற்றை ஷூவைக் கவ்விக்கொண்டு பம்பரமாகச் சுற்றியது.

"என்ன பண்ணீங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள்.

"ஒண்ணுமே பண்ணல. வாக்கிங் போக சங்கிலியை எடுத்தேன். அவ்வளவுதான்," என்றார் கணவர்.

'சங்கிலி' என்று காதில் விழுந்ததும் குட்டி இன்னும் வேகமாகச் சுற்றியது.

காலிங் பெல் அடித்தது. மேல் மாடி ஹவுஸ் ஓனர். தூக்கம் கலைந்த முகம்.

"சார், தினமும் காலைல ஆறு மணிக்கு என் கட்டில் ஆடுது. கீழ டெய்லர் கடை நாயைப் பாருங்க. அதுவும் பழுப்பு, இதுவும் பழுப்பு. படிக்குக் கீழ கட்டிப் போட்டா கட்டின இடத்துல கிடக்கு. பத்து வருஷமாச்சு, அது குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

"இது சின்னக் குட்டி சார்..."

"திங்கக்கிழமையும் அதுவுமா நான் சண்டை போட விரும்பல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். அன்னிக்கு மாடியில நின்னு நானே பார்ப்பேன். சத்தமில்லாம தெருமுனை வரைக்கும் போயிட்டு வரணும். இல்லன்னா நாயை அனுப்பிடுங்க. முடியலையா, நீங்களே கிளம்புங்க."

'கிளம்புங்க'வும் குட்டிக்குத் தெரிந்த வார்த்தைதான். ஹவுஸ் ஓனரின் கால்களுக்கு நடுவே புகுந்து, அவரை அரைவட்டம் திருப்பிவிட்டு, படியிறங்கி ஓடியது.

அது பிடிபட்டுத் திரும்பியதும் மனைவி நிதானமாகச் சொன்னாள். "நாய் போச்சுன்னா நானும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். பார்த்துக்குங்க."

பதினோரு வருஷத்தில் அவள் இப்படி மிரட்டுவது ஐந்தாவது முறை. ஆனால் நிதானமாக மிரட்டுவது இதுதான் முதல் முறை.

வாஷிங் மெஷின் பெட்டிக்குள் வைக்கிற கையேட்டை எழுதுவது கணவருடைய வேலை. ஆபீசில் அவர் பெயரே 'கையேடு' ஆகிவிட்டது. எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து செய்தால் உலகத்தில் எதுவும் ஓடும் என்பது அவர் நம்பிக்கை. அதை ஒருவரும் படிப்பதில்லை என்பது அவர் துக்கம்.

ஆகவே கால்நடை டாக்டரிடம் போய், 'துள்ளும் குட்டியை நடைக்குப் பழக்குவது எப்படி' என்ற ஒரு பக்கத் தாளை வாங்கி வந்தார். நான்கு குறிப்புகள். பிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

"முதல் குறிப்பு. நடைக்குப் போகாத நேரத்திலும் சங்கிலியை அடிக்கடி எடுத்து வைக்கவும். பழகிப்போய் அடங்கிவிடும்."

அன்று மாலை நாற்பது முறை எடுத்தார், நாற்பது முறை வைத்தார். தினம் இரண்டு தடவை குதித்த குட்டி நாற்பது தடவை குதித்தது. நாற்பத்தோராவது தடவை சங்கிலி ஆணியிலேயே இருந்தது. அவர் மூக்கைச் சொறிய கையைத் தூக்கியதற்கே குதித்தது.

"இப்ப உங்க கையே அதுக்குச் சங்கிலியாயிடுச்சு," என்றாள் மனைவி.

"ரெண்டாவது குறிப்பு. கிளம்பும் முன் பழைய துணி ஒன்றை இழுத்து விளையாட விடவும். களைத்துவிடும்."

செவ்வாய்க்கிழமை காலை தன் பழைய பேன்ட்டைக் கொடுத்தார். கால் மணி நேரம் இழுபறி. களைத்தது கையேடுதான். குட்டிக்கோ பேன்ட் என்றாலே விளையாட்டு என்று மனதில் பதிந்துவிட்டது. படியிறங்கும்போது எதிரே ஹவுஸ் ஓனர் ஏறி வந்தார், பேன்ட் அணிந்து.

சர்ர்ரென்று ஒரு சத்தம்.

ஹவுஸ் ஓனர் கீழே டெய்லரிடம் அந்தப் பேன்ட்டைக் கொடுத்தார். கூடவே, விளிம்பு மடிக்க வேண்டிய புதுப் பேன்ட் ஒன்றையும் கொடுத்தார். "ரெண்டும் ஞாயித்துக்கிழமை வேணும்," என்றவர் கையேட்டைத் திரும்பிப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை!" என்று இன்னொரு முறை சொன்னார்.

மூன்றாவது குறிப்பு, குட்டி அடங்கும் வரை வாசலிலேயே அசையாமல் நிற்கவும் என்றது. புதன்கிழமை ஐம்பது நிமிஷம் நின்றார். அடங்கவில்லை. ஆபீசுக்கு லேட்.

"மிச்சம் ஒண்ணுதான்," என்றாள் மனைவி. அவள் ஏற்கெனவே அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கியிருந்தாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "நான்காவது குறிப்பு. உங்கள் பதற்றமே குட்டியின் பதற்றம். நடைக்கு முன்னும், நடையின்போதும், திரும்பிய பத்து நிமிஷம் வரையும் அதைப் பார்க்காதீர்கள். பேசாதீர்கள். தொடாதீர்கள்."

"பார்க்காம எப்படிங்க கூட்டிட்டுப் போவீங்க?"

"எழுதியிருக்கு இல்ல? நீ முன்னாடியே கீழ கொண்டுபோய்க் கட்டிட்டு வந்துடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"பார்க்கக் கூடாதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

வியாழக்கிழமை காலை அவள் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு மேலே வந்தாள். "இறங்குறப்போ இடது கை பக்கக் கம்பி," என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்க ஓடினாள்.

குட்டியைப் பார்க்காமல் படியிறங்க ஒரே வழிதான் இருந்தது. கையேடு பின்பக்கமாக இறங்கினார். முகம் மாடியைப் பார்க்க, முதுகு தெருவைப் பார்க்க, இருபத்திரண்டு படி. அடியில் இறங்கி, சொன்னபடியே இடது கையை நீட்டித் துழாவினார். சங்கிலி தட்டுப்பட்டது. அவிழ்த்தார். வானத்தைப் பார்த்தபடி நடந்தார்.

அதிசயம்! சங்கிலி தொய்ந்தே இருந்தது. இழுப்பில்லை, துள்ளலில்லை. பின்னால் எங்கோ ஒரு நாய் ஊரைக் கூட்டியது. 'வளர்க்கத் தெரியாதவங்க,' என்று மனதுக்குள் இரக்கப்பட்டார்.

திரும்பி வந்து, பார்க்காமலே கம்பியில் மாட்டியபோது டெய்லர் கடையிலிருந்து வேகமாக வந்தார்.

"சார், உங்க குட்டி..."

கையேடு உள்ளங்கையைக் காட்டினார். "உஷ்ஷ்!" பேசக்கூடாது என்றால் யாரும்தான் பேசக்கூடாது. விறுவிறுவென்று மேலே போய்விட்டார்.

பத்து நிமிஷம் கழித்து மனைவி போய்க் குட்டியை அழைத்து வந்தாள். அது தண்ணீர் குடித்துவிட்டு நேராகப் படுத்துத் தூங்கியது. சாயங்காலம் வரை தூங்கியது.

"என்னங்க இது, இவ்வளவு களைப்பு!" என்று மூக்கின் மேல் விரல் வைத்தாள்.

"அமைதியா நடக்கிறது லேசான வேலையா? மனசுக்கு எவ்வளவு பயிற்சி!"

வெள்ளியும் அப்படியே. குட்டியின் பல்லிடுக்கில் ஒரு நீல நூல் தொங்கியது. சனிக்கிழமை அதன் படுக்கையில் ஒரு கறுப்புப் பட்டன் கிடந்தது. மனைவி கையேட்டின் சட்டைகளையெல்லாம் எடுத்துத் தேடிப் பார்த்தாள். எதிலும் பட்டன் குறையவில்லை. இரண்டு நாளும் டெய்லர், "சார், ஒரே ஒரு நிமிஷம்," என்று குறுக்கே வந்தார். இரண்டு நாளும் உள்ளங்கை, "உஷ்ஷ்!"

சனி இரவு அவள் பெட்டியை மறுபடி அலமாரி மேல் ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை. ஹவுஸ் ஓனர் இரண்டாவது மாடியில் காபிக் கோப்பையோடு நின்றார். கையேடு பின்பக்கமாக இறங்கினார், இடது கையை நீட்டினார், வானத்தைப் பார்த்தபடி தெருமுனைக்குப் போனார். எதிரே சைக்கிள் வந்தது. பூனை ஒன்று குறுக்கே ஓடியது. பலூன்காரர் பீப்பீ ஊதினார். சங்கிலி அசையவில்லை.

அவர் திரும்பி வந்து கட்டுவதற்குள் ஹவுஸ் ஓனர் கைதட்டிக்கொண்டே கீழே இறங்கி வந்துவிட்டார்.

"சபாஷ்! கண்ணாடி போடாமலே தெரியுது சார், என்ன ஒரு அடக்கம்! அட, கட்டினதும் படுத்துடுச்சே. ஒரு வாரத்துல பத்து வயசு கூடின மாதிரி இருக்கே!"

"எல்லாம் குறிப்பு சார்," என்றார் கையேடு, இன்னமும் வானத்தைப் பார்த்தபடி. பத்து நிமிஷம் ஆகவில்லை.

"நாய் இருக்கட்டும். நீங்களும் இருங்க. எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க." ஹவுஸ் ஓனர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். விடவே இல்லை.

மாடி ஜன்னலில் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டெய்லர் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். கையேட்டின் உள்ளங்கை இரண்டும் இன்னொருவர் பிடியில் இருப்பதைக் கவனித்தார். தைரியமாக வெளியே வந்தார்.

"வாங்க டெய்லர்," என்றார் ஹவுஸ் ஓனர் உற்சாகமாக. "என் பேன்ட் ரெண்டும் ரெடியா?"

"அதைத்தான் சார் நாலு நாளா இவர்கிட்ட சொல்ல வர்றேன். இவர் பின்பக்கமா இறங்கி, எதிர்ப் பக்கக் கம்பியில இருக்கிற என் கிழட்டு நாயை வாக்கிங் கூட்டிட்டுப் போயிடுறாரு, இவரோட குட்டி கத்துதேன்னு நான் கடைக்குள்ள விட்டுட்டு, இவர் மேல போனதும் திரும்பக் கட்டறேன். உங்க பேன்ட் ரெண்டும் இப்ப அரை டிராயர் சார்."