பிஸ்கட்டுக்கு ஒரு மெத்தை

எங்கள் ஊர் மூஸ் ஜாவில் முதல் பனி விழுந்த அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயத்திலாவது என் பேச்சு எடுபட வேண்டும். பெரிய விஷயங்களைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. கார், சமையல், டிவி, என் தலைமுடி எல்லாம் என் மனைவி வெர்னாவின் இலாகா. தேடிப் பார்த்ததில் ஆளில்லாமல் கிடந்த இலாகா ஒன்றுதான். பல்லி.

எங்கள் மகள் டோனா வெளியூருக்குப் படிக்கப் போனபோது விட்டுப்போன சிறுத்தைப்பல்லி அது. பெயர் பிஸ்கட். வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் இருக்கிறது. அவ்வப்போது தோல் உரிக்கும். அந்த நேரத்தில் நுழைந்து படுக்க ஈரமான பொந்து ஒன்று வேண்டும். இல்லையென்றால் பழைய தோல் விரலில் ஒட்டி இறுகி, விரலே உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டிலோ குளிர்காலம் முழுக்க வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடுகிறது. அந்த வறண்ட காற்றில் என் உதடே வெடிக்கிறது, பல்லி என்ன செய்யும்?

மார்ஜரின் டப்பாவில் ஓட்டை போட்டால் பொந்து தயார். உள்ளே என்ன பரப்புவது என்பதில்தான் சண்டை. இணையத்தில் பல்லி வளர்ப்பவர்கள் இதற்காக அடித்துக்கொள்வதைப் பார்த்தால் தேர்தலே தேவலை என்று தோன்றும். முதலில் தேங்காய் நார்த்தூள் வாங்கினேன். தேங்காயைக் கேக்கின் மேல் தூவி மட்டுமே பார்த்தவன் நான். பிஸ்கட் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது தின்பதற்காகப் போட்ட சில்வண்டுகள் உள்ளே போய்க் குடும்பம் நடத்தின. விரல் நுனிகளில் தோல் வெளுத்து நிற்க ஆரம்பித்ததும் எனக்குக் கவலை வந்துவிட்டது. கடைக்குப் போய் இருப்பதிலேயே உயர்ந்த பாசியை வாங்கி வந்தேன்.

வெர்னா கையில் கம்பளிப் பின்னலோடு வந்து நின்றாள்.

"என்ன லாய்ட் இது, சாலட்டா?"

"பாசி. நியூசிலாந்துல இருந்து வருது."

"நாமளே அவ்வளவு தூரம் போனதில்ல. பேப்பர் டவலை நனைச்சுப் போட்டா ஆகாதா?"

"பேப்பர் டவல் கை துடைக்க. இதெல்லாம் பெரிய சயின்ஸ், வெர்னா. உனக்குச் சொன்னாப் புரியாது."

சொல்லியிருக்கக் கூடாது. பின்னல் ஊசி நின்றது.

"அப்ப பந்தயம் வச்சுக்கலாம். உன் டப்பா ஒண்ணு, என் டப்பா ஒண்ணு. காலைல பிஸ்கட் யார் டப்பால தூங்குதோ அவங்க ஜெயிச்சாங்க."

"நான் ஜெயிச்சா?"

"சனி ஞாயிறு உன் சிநேகிதன் கார்லோட மீன் பிடிக்கப் போ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நீ ஜெயிச்சா?"

"பெர்னிஸ் வீட்டு ஃபர்னஸ் இருமுதாம்."

பெர்னிஸ் அவளுடைய அக்கா, ரெஜைனாவில் இருக்கிறாள். நான் ஃபர்னஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் பெர்னிஸ் வீட்டில் வேலை ஃபர்னஸோடு முடியாது. சீட்டாட வேண்டும். அவளுடைய முழங்கால் ஆபரேஷனை ஆரம்பத்திலிருந்து கேட்க வேண்டும். இந்தப் பக்கம் உறைந்த ஏரியின் மேல் கார்லின் குடிசை, சின்ன அடுப்பு, பனிக்கட்டியில் தூண்டில் விட ஒரு ஓட்டை, வாயே திறக்காத கார்ல். இதற்காக நான் கோடையிலிருந்தே ஏங்கிக்கொண்டிருந்தேன்.

"சம்மதம்," என்றேன்.

"தொட்டிக்குள்ள உன் டப்பாவை எங்க வைக்கப் போற?"

"எப்பவும் வைக்கிற இடம்தான், ஜன்னல் பக்கம். என் நாற்காலில இருந்து பாத்தாத் தெரியணும்ல."

"நல்ல இடம். வெளிச்சம் வருது, வேடிக்கை பாக்கலாம். எனக்கு?"

"அதோ, சுவர் பக்கத்து மூலை."

"இருட்டா இருக்கே, லாய்ட்."

"மிச்சம் அதுதான்."

"சரி, என்ன பண்றது, நான்தான் விட்டுக்கொடுத்துப் போகணும். ஆனா வச்ச டப்பாவை யாரும் நகத்தக் கூடாது. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"நான் எதுக்கு மாறப் போறேன்?"

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. விவரம் தெரியாதவளிடம் இப்படிப் பந்தயம் கட்டுகிறோமே என்று மனசு கொஞ்சம் உறுத்தியது. அந்த உறுத்தலோடேயே தூண்டில்களைத் துடைத்து வைத்தேன். கார்லுக்கு ஃபோன் போட்டு, வருகிறேன் என்று சொன்னேன். அவன் "ம்" என்றான். நல்ல மனிதன்.

காலையில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி பூத்திருந்தது. என் டப்பாவைத் திறந்தேன். நியூசிலாந்துப் பாசி பச்சைப் பசேல் என்று இருந்தது. பல்லி இல்லை. வெர்னா தன் டப்பாவைத் திறந்தாள். நனைந்த பேப்பர் டவல் மேல் பிஸ்கட் கண்மூடிக் கிடந்தது. விரல்களில் பழைய தோல் ஒரு துணுக்குகூட இல்லை. அத்தனை விரலும் பத்திரம். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதற்கப்புறம்தான் மீன் ஞாபகம் வந்தது.

"இது எப்படி? பேப்பர்ல என்ன இருக்கு?"

"பேப்பர்ல ஒண்ணும் இல்ல. இந்த மூலைக்கு அடில கையை விட்டுப் பாரு."

விட்டேன். கதகதப்பாக இருந்தது. பல்லிக்காக டோனா தொட்டியின் அடியில் சூட்டுப் பாய் ஒட்டியிருந்தது அந்த மூலையில்தான். அதற்கு பிளக் மாட்டிக் கொடுத்தவனே நான்.

"ஊருக்கெல்லாம் சூடு மாட்டிவிட்ட ஆளு," என்றாள் வெர்னா. "பல்லியைக் கொண்டுபோய் ஜன்னல் குளிர்ல படுன்னா படுக்குமா?"

"நீ எங்க படிச்ச இதை? இணையத்துல யாருமே சொல்லலையே."

"படிக்க என்ன இருக்கு? குளிர் வந்தா உன் பாதத்தை எங்க கொண்டாந்து வைக்கிற?"

"உன் கால் மேல."

"அங்க நான் என்ன நியூசிலாந்துப் பாசியா பரப்பி வச்சிருக்கேன்? டூல் பாக்ஸை எடு, கிளம்பலாம்."

சனிக்கிழமை பெர்னிஸின் ஃபர்னஸ் இருமலை நிறுத்தியது. சீட்டாட்டத்தில் தோற்றேன். முழங்காலை முழுசாகக் கேட்டேன். தூங்கப் போகும்போது அக்காவும் தங்கையும் விட்ட கதையைத் தொடர வசதியாகச் சூடான உள்ளறையை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு முன்னறையில் தனியாக ஒரு புது மெத்தை. இருப்பதிலேயே உயர்ந்த ரகம் என்று பெர்னிஸ் இரண்டு தடவை சொன்னாள்.

ஜன்னலோரமாகப் போட்டிருந்தாள்.