முயலுக்கு முறை பார்த்த முறுக்கண்ணன்

சினிமாக்காரர்களில் யாருக்கு யார் என்ன முறை ஆகவேண்டும் என்று அவர்களைப் பெற்றவர்களுக்கே தெரியாது. பள்ளிபாளையத்தில் ஒருவருக்குத் தெரியும். அவர்தான் முறுக்கண்ணன்.

அவருடைய சொந்தப் பெயரைக் கேட்காதீர்கள், எங்களுக்கும் தெரியாது. டூரிங் கொட்டாயில் முறுக்கு விற்றார், அதனால் முறுக்கண்ணன். எழுபதுகளின் கடைசியில் தறிச் சத்தத்துக்கு நடுவே இருந்தது அந்தக் கொட்டாய். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பு உயரச் சுவர், உட்கார மணல். பள்ளிக்கூடத்துக்கு நான் போனது கொஞ்ச நாள்தான். எழுத்துக் கூட்டப் பழகியது அந்தக் கொட்டாயின் போஸ்டரைப் பார்த்து. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. போஸ்டரில் எழுத்து பெரிதாக இருக்கும், கண்ணுக்கும் நல்லது.

எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சை எடுத்தால் முதல் கேள்வி, "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்பதுதான். ஒரே கூட்டத்துக்காரர்கள் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் பங்காளிகள். ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை, கட்டக்கூடாது. வீட்டோடு இருந்த இந்த வழக்கத்தை முறுக்கண்ணன் கொட்டாய்க்குள் கொண்டுவந்து விட்டார்.

புது நடிகை யாராவது வந்தால் போதும். முறுக்கு டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டப் போய் நின்று பார்ப்பார். பிறகு பெண்கள் பக்கம் எங்களிடம் வந்து தீர்ப்புச் சொல்வார்.

"அம்மிணி, அந்தப் புள்ளையோட மூக்கைப் பாத்தீங்களா? இப்ப அந்தக் கதாநாயகன் காதைப் பாருங்க. சந்தேகமே இல்லீங்க, ரெண்டும் ஒரே கூட்டம்!"

"மூக்கையும் காதையும் வெச்சு எப்படிங்ண்ணா கண்டுபுடிச்சீங்க?"

"வாயைப் பாத்துக் கண்டுபுடிக்க முடியாதுங்க. பாட்டுக்கு வாயசைச்சே அது கோணிப் போச்சு."

அவ்வளவுதான். அந்த ஜோடி மரத்தைச் சுற்றி ஆட ஆரம்பித்ததும் டின்னைத் துண்டால் மூடுவார், திரைக்கு முதுகைக் காட்டி நிற்பார். பாட்டு முடிகிறவரை வியாபாரம் கிடையாது. யாராவது முறுக்கு கேட்டால் தொலைந்தார்கள்.

"அண்ணனும் தங்கச்சியும் கையைப் புடிச்சுட்டு ஆடறாங்க. உனக்குத் தொண்டையில முறுக்கு எறங்குதா?"

போதாக்குறைக்கு அதே படத்தில் அண்ணனாக நடித்தவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "கட்டிக்கிற முறை இவனுக்குத்தானுங்க இருக்குது! இவனைப் போயி அண்ணாங்கறாளே!"

வில்லன் நடிகர்மேல் அவருக்குத் தனி மரியாதை. "எல்லாக் கோவத்தையும் இங்கயே கொட்டீட்டுப் போறவன், ஊட்டுல தங்கமா இருப்பானுங்க." அம்மாவாக வந்து படம் முழுக்க அழுகிற நடிகையைக் கண்டால் மட்டும் ஆகாது. "இந்தம்மா இப்பிடியே அழுதுட்டு இருந்தா ஒலையில அரிசி போடறது ஆருங்க?"

அவர் சம்சாரம் முறுக்கு பிழிந்துகொண்டே என்னிடம் முறையிடுவார். "ஊரு நடிகை மூக்கெல்லாம் தெரியுது. என்ற மூக்குத்தி தொலைஞ்சு மாசமாகுதுங்க்கா. இன்னும் கண்ணுல படலை."

"உன்ற மூக்கை எதுக்குப் பாக்கோணும்? அதான் கட்டியாச்சே!" என்பார் முறுக்கண்ணன், எண்ணெய்ச் சட்டிக்கு அந்தப் பக்கமிருந்து.

இவ்வளவு பேசுகிறவரிடம், "நீங்க எந்தக் கூட்டமுங்ண்ணா?" என்று கேட்டால் மட்டும், "முறுக்கு ஆறுதுங்க" என்று நகர்ந்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் பூங்கொடிக்கு ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளை ஆத்தூர்ப் பக்கம், ஜவ்வரிசி ஆலையில் மெக்கானிக். கூட்டம் வேறு, குடும்பமும் நல்ல குடும்பம். பெண் பார்க்க வந்தவர் காபியைக் குடித்தார், டம்ளரை வைத்தார், சுவரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஒரு வேடிக்கைக் கதை சொன்னார். மாப்பிள்ளை துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரித் தலையை ஆட்டினார்.

அவர்கள் போனதும் பூங்கொடி சொல்லிவிட்டாள். "கரண்டுக் கம்பத்தை நட்டு வெச்ச மாதிரி உக்காந்திருந்தாருங்ம்மா. சிரிக்காத மனுசன்கூட எப்பிடிங்க காலந்தள்றது? எனக்கு வேண்டாங்க."

பெண் வேண்டாம் என்றால் நான் கட்டாயப்படுத்துகிறவள் இல்லை. ஆனாலும் எனக்கு அந்த இடத்தை விட மனசில்லை. டம்ளரைக் கீழே வைக்கும்போது அங்கே ஊர்ந்த எறும்பை அவர் ஊதி விலக்கியதை நான் பார்த்திருந்தேன். மாப்பிள்ளையின் அக்கா வீடு எங்கள் ஊர்தான். அவரும் அங்கேதான் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்கிறோம் என்று அனுப்பியிருந்தோம்.

சனிக்கிழமை கொட்டாயில் பொம்மைப் படம். சுண்டுவிரல் முதல் சூரியன்வரை எல்லாம் வரைந்தது. முயல்கள் சட்டை போட்டுக்கொண்டு என்னமோ பாஷை பேசின. பூங்கொடியின் முகவாட்டம் போகட்டும் என்று முதல் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனேன்.

முறுக்கண்ணன் திண்டாடிப் போனார். "மூக்கு இருக்குது, காது மொழ நீளத்துக்கு இருக்குது. ஒண்ணும் புடிபடமாட்டேங்குதுங்களே அம்மிணி!"

ஆபரேட்டரிடம் போனார். "ஏப்பா, இதுகளுக்கு அப்பன் ஆத்தா ஆருப்பா?"

"அப்பனுமில்லை ஆத்தாளுமில்லைங்ண்ணா. எல்லாம் ஒருத்தரு உக்காந்து வரைஞ்சது."

"அத்தனையுமா?"

"அத்தனையுந்தான்."

திரும்பி வந்தபோது முகத்தில் வெளிச்சம். "ஒரே கையில பொறந்ததுங்க! பங்காளிகூட இல்லீங்க, அத்தனையும் கூடப்பொறந்ததுக!"

அதோடு நிம்மதியாக டின்னைத் தலையில் வைத்துக்கொண்டு முறுக்கு விற்றார். படம் முடியப் போகிற நேரம். கோட்டுப் போட்ட ஆண் முயல் நிற்கிறது. தலையில் பூ வைத்த பெண் முயல் வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறது. சுற்றிலும் மற்ற முயல்கள் மேளம் அடிக்கின்றன. கல்யாணம்!

"அட சாமி! நிறுத்துங்கப்பா! கூடப்பொறந்ததுகளுக்குக் கண்ணாலம் பண்றாங்க!"

முறுக்கண்ணன் கத்திக்கொண்டே படம் ஓடுகிற வெளிச்சத்துக்குக் குறுக்கே பாய்ந்தார். தென்னைமர உயரத்துக்கு அவர் நிழல் திரையில் விழுந்தது. தலையில் டின் கிரீடம் மாதிரி நிற்க, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சரியாக நடுவே அவர். ஆண் முயல் மோதிரத்தோடு கையை நீட்டியது. கை டின்னின் நிழலுக்குள் போய்விட்டது.

"மாப்பிள்ளை முறுக்கு திருடறானுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள்.

கொட்டாயே சிரித்தது. அதற்கு மேலே, ஆண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு தனியாக வந்தது. ஸ்டார்ட் ஆகாத லாரி மாதிரி விக்கி விக்கி ஆரம்பித்து, பிறகு மேட்டூர் மதகைத் திறந்தாற்போல் கொட்டியது. யார் இது என்று பூங்கொடி எழுந்து சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

அக்கா பிள்ளைகளை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு, எங்கள் கரண்டுக் கம்பம் மணலில் சாய்ந்து கிடந்தது. கண்ணில் தண்ணீர். "முறுக்குக்காரரே, ஒதுங்கிடாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்றவர் பூங்கொடியைப் பார்த்துவிட்டார். வாயைப் பொத்தினார். முடியவில்லை. விரலிடுக்கில் பீறிட்டுக்கொண்டு வந்தது.

பூங்கொடி மெதுவாக உட்கார்ந்தாள்.

"அம்மா, சிரிக்கறாருங்க."

"ஆமாங் கண்ணு."

மறுபடி எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பல்லு நல்லாருக்குதுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

பெண் பார்க்கிற இடத்தில் பல்லைக் காட்டினால் கௌரவக் குறைச்சல் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லி அனுப்பினாராம். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளையே சொன்னார், அதையும் சிரித்துக்கொண்டே.

கல்யாணத்தன்று முறுக்கண்ணன்தான் பின்கட்டில் பலகாரச் சட்டி முன்னால் இருந்தார். மணவறையில் பெரியவர், "பொண்ணுக்குத் தாய்மாமன் வாங்க!" என்று கூப்பிட்டார். நான் கூடப்பிறந்தவர் இல்லாத ஒற்றைப் பெண். என் பிறந்தவீட்டுப் பங்காளி வகையில் யாரையாவது நிறுத்தலாம் என்றார்கள். நான் நேரே பின்கட்டுக்குப் போனேன்.

"ஏனுங்ண்ணா, வாங்க. மாமன் சீர் நீங்கதான் செய்யோணும்."

ஊருக்கெல்லாம் முறை சொன்னவர் அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டார். ஜல்லிக்கரண்டியைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அம்மிணி, நானு சந்தையில கெடந்த புள்ளைங்க. ஆரோ எடுத்து வளத்தாங்க. மணவறையில எந்தக் கூட்டம்னு கேட்டா என்னங்க சொல்றது?"

அவருடைய எண்ணெய்க் கையை என் முந்தானையில் துடைத்துவிட்டேன்.

"என்ற கூட்டம்னு சொல்லுங்ண்ணா."