கக்கத்துச் செருப்பும் கோடைக்கானல் மேடையும்

அன்புள்ள மச்சான் நல்லசாமி அவர்களுக்கு,

வெள்ளகவியிலிருந்து குருநாதன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை ராக்காயியும் மழையும் சுகம். அங்கு தாங்களும் பஞ்சாமிர்தக் கடையும் சுகமாயிருக்கப் பழனியாண்டவர் அருள வேண்டும்.

என் மகன் கோகுலைக் கையோடு கூட்டிவந்து உங்கள் கடைக் கல்லாவில் உட்காரவைக்கச் சொன்னீர்கள். அந்த முடிவோடுதான் கோடைக்கானலுக்கு மலையேறினேன். அங்கே ஒரு ஹோட்டல் மண்டபத்தில் அவனுக்கு 'ஸ்டாண்டப் காமெடி'. அதாவது துணைக்கு ஆளில்லை, பாட்டில்லை, வேஷமில்லை; மைக்கைப் பிடித்துத் தனியாக நின்று பேசியே டிக்கெட் வாங்கிய ஜனத்தைச் சிரிக்கவைக்க வேண்டும். மேடையில் குத்துவிளக்கு எரிந்ததால் ஊர் வழக்கப்படி வாசலிலேயே செருப்பைக் கழற்றி, களவு போய்விடுமே என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

பிள்ளை பேசுகிறான், பேசுகிறான், ஒருத்தர் பல்லும் தெரியவில்லை. அப்போது அவன், "எங்க ஊருக்குள்ள யாரும் செருப்புப் போடக் கூடாதுங்க. எங்கப்பா கல்யாணத்துக்கு வாங்குன செருப்பு இன்னும் கக்கத்துலயே கெடக்கு. செருப்புத் தேயல, கக்கந்தான் தேஞ்சு போச்சு!" என்றான். எனக்கு வந்ததே கோபம்! எழுந்து, "ஏலே, பொய் பேசாத! இது போன தைப்பூசத்துக்கு வாங்குனது!" என்று கக்கத்திலிருந்த செருப்பையே உருவிக் காட்டினேன்.

மச்சான், மண்டபமே அதிர்ந்தது! கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறார்கள். அவன் அசரவில்லை. "சாட்சியே வந்துருச்சுங்க" என்றான். அதன்பின் அவன் தும்மினாலும் சிரிப்புதான். வீட்டில் சோறு கேட்கக்கூட வாய் திறக்காதவன், முன்பின் தெரியாத அத்தனை பேரை ஆட்டிவைக்கிறான். நான் பெற்ற பிள்ளைதானா என்று வாய் பிளந்து நின்றேன். முடிந்ததும் சினிமாக்காரர் ஒருவர் தேடி வந்து, தம் படத்தில் வேஷம் தருவதாகச் சொன்னார். எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போனது.

ஆனாலும் குடும்பத்தைப் பற்றிப் பொய் சொல்லிப் பிழைப்பது நமக்கு அடுக்குமா? சொன்ன சொல் மாறாமல் வெள்ளிக்கிழமை அவனை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அவனும் சரியென்றுவிட்டான். முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
குருநாதன்

பி.கு.: கல்லாவுக்கு வேறு ஆள் பாருங்கள் மச்சான். காலையில் கோகுல், "இனிமே உங்களப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டேம்ப்பா, என்னைய விட்டுருங்க" என்று கெஞ்சினான். மனசு கேட்கவில்லை. என் செருப்புக் கதை போன இடத்தை நிரப்ப, நீங்கள் நடந்தே பழனி மலையேறுவதாக நேர்ந்துகொண்டு, இழுவை ரயிலில் ஏறி, இறங்குமுன் முகத்தில் தண்ணீர் தெளித்து வேர்வை என்று காட்டினீர்களே, அந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பழனியில்தான் பேசுகிறான். முன்வரிசையில் உங்களுக்கு இடம் சொல்லியிருக்கிறது. பொய் ஏதும் சொன்னால் எழுந்து திருத்துங்கள்.