பொண்டரின் துக்க எழுத்து

பொண்டரின் சம்மதம் இல்லாமல் வவுனியாவில் ஒருவராலும் முறையாகச் செத்துப்போக முடியாது. உயிர் போவது வேறு விடயம். அது யாரையும் கேட்டுப் போவதில்லை. ஆனால் மரண அறிவித்தல் மதிலில் ஏறி, கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவுப் புத்தகம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று உறவினர் கைக்குப் போனால்தானே ஒரு மனிதர் ஒழுங்காகச் செத்ததாக அர்த்தம்? அந்த இரண்டையும் கொம்பியூட்டரில் அடித்துக் கொடுத்தவர் பொண்டர்.

சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. எழுத்துருவை ‘பொண்ட், பொண்ட்’ என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால் ஊர் அவரைப் பொண்டர் ஆக்கிவிட்டது.

எழுத்துகளுக்குக் குணம் உண்டு என்பது அவர் கட்சி. சுருண்டு வளைந்தவை கலியாணத்துக்கு. தடித்துக் குந்தியிருப்பவை கடைக்கு. சாவுக்கென்று ஒன்றும் இல்லையே என்று கவலைப்பட்டு, தானே மவுசைப் பிடித்து வருசக்கணக்காக ஒன்றை வரைந்து வைத்திருந்தார். மெலிந்து, நிமிர்ந்து, கொஞ்சம் களைத்த எழுத்து.

“சனம் அழேக்கை எழுத்து பல்லைக் காட்டப்படாது” என்பார்.

அதன் அழகைப் பார்த்து ஒரு மாப்பிள்ளை தன் கலியாணக் கார்ட்டுக்கும் அதைக் கேட்டு வந்தான்.

“போடலாம் தம்பி. ஆனா பொம்பிளை வீட்டார் கார்ட்டைப் பாத்திட்டு மலர்வளையத்தோடை வருவினம். பரவாயில்லையோ?”

மாப்பிள்ளை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

நல்ல பிரிண்டர் பொண்டரிடம் இல்லை. அது பட்டினத்தின் மறுபக்கத்து அச்சகத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் கொம்பியூட்டரில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துக்குப் போட்டுவிட்ட சட்டை மாதிரி. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் சட்டை கழன்று, உள்ளே கிடக்கும் ஆங்கிலக் குப்பை தெரியும். அதனால் மற்றவர்கள் எழுத்துருவையும் பிளொப்பியில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பொண்டர் மாட்டார்.

“பொண்டும் பல்லு மினுக்கிற பிரஸ்சும் ஒண்டு. ஆருக்கும் இரவல் குடுக்கிறேல்லை.”

ஆகவே ஒவ்வொரு சாவுக்கும் அவரது கொம்பியூட்டர் பெட்டியே அச்சகத்துக்குப் போகும். தலையணை வைத்து, அவர் உடுத்தும் சாரத்தால் வரிந்து கட்டி, என் சைக்கிள் கரியரில். நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்த தகுதியே அந்தக் கரியர்தான். பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு, அரிசி ஆலை, லொறி, விறகு என்று அலைந்து, இடம்பெயர்ந்து வந்தவனிடம் மிஞ்சியிருந்த உரமான பொருள் அது.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. முதல் நாள் அங்கு நின்ற ஆமிக்காரர் பெட்டியைத் தட்டினார்.

“உள்ளே என்ன?”

“எழுத்து, சேர்” என்றார் பொண்டர்.

ஆமிக்காரர் மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். “எழுத்து இல்லையே?”

“கரண்ட் குடுத்தாத்தான் சேர் வெளியிலை வரும்.”

எங்களை அவர் விட்டது நம்பியா, களைத்துப்போயா என்று தெரியாது. பிறகு பழகிவிட்டது. எங்கள் சைக்கிளைக் கண்டால் “இன்றைக்கு யார் செத்தது?” என்று கேட்கும் அளவுக்கு.

அப்படியிருக்க ஒருநாள், நெல் விதைத்து வாழ்ந்த ஒரு மனிதரின் மகள் வந்தாள். அடுத்த நாள் தகப்பனின் அந்தியேட்டி.

“ஐயா, சண்டை எல்லைக்கு அங்காலையிருந்து பாஸ் எடுத்து வந்த சொந்தக்காரர் நாளையோடை திரும்பிப் போகவேணும். கல்வெட்டை நாளைக்குக் கையிலை குடுக்காட்டி, பிறகு ஆரிட்டைக் குடுக்கிறது?”

பொண்டர் மத்தியானச் சோற்றை மறந்து அடித்து முடித்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டு மூவரும் புறப்பட்டோம். சாவடியில் புது ஆள்.

“ஆள் போகலாம். பெட்டி போக ஏலாது.”

பொண்டர் சாவுகளின் வரலாறு முழுவதையும் சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வேலையை மட்டும் ஒரு பிளொப்பியில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனோம்.

அச்சக முதலாளிக்கும் பொண்டருக்கும் பகை. ஒருமுறை முதலாளி மரண அறிவித்தல் ஒன்றைச் சேலைக்கடை எழுத்தில் அடித்துவிட்டார். அன்று முதல் பொண்டர் அவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பிரிண்டரைப் பார்த்துத்தான் பேசுவார்.

முதல் தாள் வந்தது. ஆங்கிலக் குப்பை. அந்தப் பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதிலை அப்பா எங்கை?”

“பொண்டைத் தந்தால் அப்பா வருவார்” என்றார் முதலாளி. “தராட்டி என்னட்டை இருக்கிறதிலைதான் அடிப்பன்.”

பொண்டர் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது தாள் வந்தது. சுருள் சுருளாக, பூவும் கொடியுமாக, தகப்பனின் பெயர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பரவாயில்லை ஐயா. அவர் வயல் வேலை செய்த ஆள்தானே. எந்த எழுத்தெண்டாலும் காணும்.”

அந்தச் சொல்லைத்தான் பொண்டரால் தாங்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து, பொலித்தீனில் சுற்றிய இன்னொரு பிளொப்பியை எடுத்தார். அதில் அந்த எழுத்துரு இருந்தது. எத்தனையோ காலம் அவரோடு குளிப்பதைத் தவிர எல்லாம் செய்த பிளொப்பி அது.

“சாவுக்கு மட்டும். சத்தியம் பண்ணு” என்றார், முதல்தடவையாக முதலாளியின் முகத்தைப் பார்த்து.

முதலாளி சூடான பிரிண்டரில் கைவைத்துச் சத்தியம் பண்ணினார். பொழுது சாய முன்னரே கல்வெட்டுக்கட்டு என் கரியரில் ஏறியது. அந்த மெலிந்த எழுத்தில் தகப்பனின் பெயரை விரலால் தடவிப் பார்த்து, “இது அப்பாதான்” என்றாள் அவள்.

சத்தியம் அந்த மாதமே ஆறிவிட்டது. செருப்புக்கடை நோட்டீசில் துக்க எழுத்து. சோடாப் போத்தலில் துக்க எழுத்து. பொண்டர் ஒரு பேக்கரிக்குள் பாய்ந்து, “பாண் விக்கிறதுக்கு ஏன் ஐசே அழுகிறியள்?” என்று சண்டை பிடித்ததை நானே விலக்கினேன்.

“குடுத்ததுக்குக் கவலையோ அண்ணை?” என்று கேட்டேன்.

“விசரா, குடுக்காட்டி அந்தப் பிள்ளையின்ரை தேப்பன் சிரிச்சுக்கொண்டு போயிருப்பாரடா” என்றார்.

பிறகு நான் வேறு லொறியில் ஏறி வேறு ஊர்களுக்குப் போய்விட்டேன். அவர் எங்கே என்று தெரியாது. ஆனால் எந்த ஊரிலாவது கொத்துரொட்டிக் கடைப் பலகையில் அந்த மெலிந்த, களைத்த எழுத்தைக் கண்டால், பசி இல்லாவிட்டாலும் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.